பழைய செக்ரோல் மென்பொருளும் புதிய கணினியும்: எட்டு வருட அனுபவம்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று வேலை ஓடும். அதோடு சுற்றியுள்ள தேயிலைத் தோட்ட ஆபிஸ்களின் கணினிகளையும் பார்த்துக்கொடுக்கிறேன். பழைய மென்பொருளைப் புதிய கணினியில் போட்டு ஓட்டுவதில் எட்டு வருடமாகக் கிடைத்த அனுபவம் இது. இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

2017 ஒக்டோபர். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பின்னேர இடி, மின்னலோடு ஆபிஸ் கணினி போய்விட்டது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய மெஷின். செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவு முழுக்க அதில்தான்: யார் எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பது தோட்டக் கணக்கு) வேலை செய்தது, எத்தனை கிலோ கொழுந்து, முற்பணம், ஈபிஎஃப் (சேமலாப நிதி) பிடித்தது, எல்லாம். 10ஆம் தேதி சம்பளம் போடவேண்டும். அன்று 6ஆம் தேதி.

ஹார்ட் டிஸ்க் தப்பியிருந்தது. கழற்றி, யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, முழு ஃபோல்டரையும் எடுத்துவிட்டேன். "புதுக் கணினி வாங்குங்க ஐயா, கொப்பி பண்ணினா ஓடும்" என்று பெரிய கிளாக்கரிடம் சொன்னதும் நான்தான். அன்றைக்கே வாங்கினார்கள். விண்டோஸ் 10, 64 பிட். ஃபோல்டரைப் போட்டு இரண்டு முறை க்ளிக் பண்ணினேன். இந்தச் செயலியை உங்கள் கணினியில் இயக்க முடியாது என்று ஒரு நீலப் பெட்டி வந்தது. அவ்வளவுதான். பெரிய கிளாக்கர் ஒன்றும் பேசவில்லை, சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்கவேண்டிய ஒன்றை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

பார்த்திருக்கவேண்டியது பிட் கணக்கு, அதாவது புரோகிராமும் விண்டோஸும் 16, 32, 64 பிட்டில் எந்த வகை என்பது. விண்டோஸ் 10ஆ 11ஆ என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் ஓடும், 16 பிட் ஓடாது. விண்டோஸுக்கு முந்திய காலத்து டொஸ் புரோகிராமும் ஓடாது. அதை ஓட்டித்தரும் பகுதியே 64 பிட் விண்டோஸில் இல்லை. 32 பிட் விண்டோஸ் 10இல் அது உண்டு, ஆனால் விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே வரவில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. ஆகவே 32 பிட் விண்டோஸ் போட்டுத் தப்பிக்கலாம் என்ற வழியை இனி யாருக்கும் சொல்லமாட்டேன்.

புரோகிராம் எத்தனை பிட் என்று கண்டுபிடிக்க, அதன் ஃபைலை நோட்பேடில் திறந்து பார்ப்பேன். புரியாத குறிகள் நிறைய வரும், பயப்படவேண்டாம், சேவ் மட்டும் பண்ணிவிடக்கூடாது. முதல் சில வரிகளுக்குள் 'பி', 'இ' என்ற இரண்டு ஆங்கில எழுத்து சேர்ந்து வந்து, கொஞ்சம் தள்ளி 'எல்' இருந்தால் 32 பிட். 'எல்' இடத்தில் சின்ன 'டி' இருந்தால் 64 பிட். 'என்', 'இ' என்று வந்தால் பழைய 16 பிட் விண்டோஸ் புரோகிராம். இது எதுவுமே இல்லாமல் தொடக்கத்தில் 'எம்', 'செட்' மட்டும் இருந்தால் பெரும்பாலும் டொஸ். இன்னொரு பொறியும் இருக்கிறது. புரோகிராம் 32 பிட்டாக இருந்தும் அதை நிறுவும் செட்அப் ஃபைல் 16 பிட்டாக இருக்கும். 1990களின் சீடிகளில் இது நிறைய. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

சரி, அந்த நாலு நாளுக்கு வருவோம். எங்களுடையது பொக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய டொஸ் புரோகிராம். முதலில், டொஸ் புரோகிராமைப் புதிய கணினியில் ஓட்டித்தரும் டொஸ்பொக்ஸ் போட்டேன். நீலத் திரை வந்தது, பெயர்கள் வந்தன, கணக்கும் சரியாக வந்தது. ஆனால் சம்பளத் துண்டு அச்சாகவில்லை. டொஸ்பொக்ஸ் பழைய விளையாட்டுகளுக்காகச் செய்தது, அச்சிடும் வசதி அதில் இல்லை. 8ஆம் தேதி இரவு வி-டொஸ் கிடைத்தது. அலுவலக வேலைக்கென்றே செய்யப்பட்ட இலவச மென்பொருள் அது. டொஸ் புரோகிராம் அனுப்புவதை வாங்கி விண்டோஸ் பிரிண்டருக்குத் தள்ளிவிடும். 9ஆம் தேதி காலை டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு முதல் தாளைத் தள்ளியபோது ஆபிஸில் இருந்த எல்லோரும் எழும்பி வந்தார்கள். வரிகள் இரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறியிருந்தன. தாளைக் கொஞ்சம் தூக்கிவிட்டுச் சரி பண்ணினோம்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் அது மக்கர் பண்ணவே இல்லை. ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் வி-டொஸை நம்பிப் பரிந்துரைப்பேன்.

என் கடையில் நிலைமை வேறு. 2001இல் வந்த, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7.0இல், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்த நோட்டீஸ்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதே கோயில், அதே திருவிழா, தேதி மட்டும் மாறும். ஆகவே ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டித்தரும் விர்ச்சுவல்பொக்ஸில் ஒரு எக்ஸ்பியை நிறுவி, பேஜ்மேக்கரை அதற்குள் வைத்திருக்கிறேன். 512 எம்பி ராம் கொடுத்தாலே தாராளம். பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் இப்போதைய விர்ச்சுவல்பொக்ஸ் வேலை செய்யாது, அதை முதலில் பாருங்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்துவிட்டது, அதனால் அந்த எக்ஸ்பிக்கு இணையம் கொடுப்பதே இல்லை. இங்கே நான் தாமதமாகப் புரிந்துகொண்டது, புரோகிராம் ஓடினால் மட்டும் போதாது, உள்ளே போகிற எழுத்தும் பொருந்தவேண்டும் என்பது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட், பாமினியோடு ஒத்துப்போகாத வேறு எழுத்துமுறை. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. ஒவ்வொன்றையும் பாமினிக்கு மாற்றி, பிறகு கண்ணால் ஒருமுறை வாசிக்கவேண்டும். மரண அறிவித்தலில் ஒரு பெயர் பிழைத்தால் அந்த வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது?

பண்டாரவளையில் ஒரு மொத்த வியாபாரி கொண்டுவந்த வேலையை மட்டும் செய்யமுடியாது என்று திருப்பிவிட்டேன். அவருடைய கணக்கு மென்பொருள், பழைய பிரிண்டர் போர்ட்டில் குத்தும் ஒரு பூட்டு இருந்தால்தான் திறக்கும். புதுக் கணினியில் அந்தப் போர்ட்டே இல்லை. ஆகவே புரோகிராமைப் பார்க்கும்போது அதில் என்னவெல்லாம் தொங்குகிறது என்றும் பாருங்கள். பூட்டு, ஸ்கேனர், பிரிண்டர், ஒவ்வொன்றுக்கும் 64 பிட் டிரைவர் (அந்தச் சாதனத்தை விண்டோஸில் இயக்கும் மென்பொருள்) இருக்கவேண்டும். 32 பிட் டிரைவர் அங்கே உதவாது. மற்றபடி 32 பிட் புரோகிராம் அடம்பிடித்தால், ப்ரொபர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்தில் எக்ஸ்பி என்று தெரிவுசெய்தாலோ, டொட்நெட் 3.5 என்ற துணை மென்பொருளைப் போட்டாலோ பாதி சரியாகிவிடும்.

செக்ரோல் புரோகிராம் கடைசியில் நின்றதற்குக் கணினி காரணமில்லை. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனபோது அடிப்படை 900, மற்ற 100 வேறாக என்பதால் தப்பினோம். 2024இல் 1350 ஆனது. பெரிய கிளாக்கர் 1350 என்று அடித்தார், திரையில் 135.00 என்று நின்றது. அந்தக் கட்டத்தை எழுதியவர் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தார். நாட்சம்பளம் நாலு இலக்கம் ஆகும் என்று அந்தக் காலத்தில் யார் நினைத்தார்கள்? மூல நிரலும் எங்களிடம் இல்லை. மிச்சத்தை அலவன்ஸ் கட்டத்தில் போடலாமே என்றேன். அவர் மறுத்துவிட்டார். "துண்டுல 1350ன்னு ஒரே கணக்கா தெரியணும் தம்பி. வாங்குற ஆளுக்கு விளங்கணும்." அவர் சொன்னது சரி. சம்பளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினோம்.

பழையதை அழிக்கவிடவில்லை. ஃபோல்டர் முழுதும் மூன்று பிரதி வைத்திருக்கிறேன், ஒன்று ஆபிஸுக்கு வெளியே. கடந்த முறை போயிருந்தபோது ஓய்வுபெறப்போகும் ஒரு அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்றார். சேர்ந்தது 1997இல் என்று அவர் சொல்கிறார், புதிய பதிவில் 1999 என்று இருக்கிறது. நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்கால பணிக்கொடை ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 1350 கணக்கில் 18,900 ரூபா. இரண்டு வருடம் என்றால் அதில் இரட்டிப்பு.

வி-டொஸைத் திறந்து அவருடைய இலக்கத்தை அடித்தேன். நீலத் திரையில் பெயர், ஆங்கிலப் பெரிய எழுத்தில், கடைசி இரண்டு எழுத்து இடமில்லாமல் வெட்டுப்பட்டு. அதற்குக் கீழே 1997 ஜூன், 19 பேர்.

"என் பேரு அதுல இருக்கா தம்பி?"

"இருக்கு அம்மா."

பெரிய கிளாக்கர் பிரிண்டரில் தாளைச் செருகினார், இரண்டு மில்லிமீட்டர் தூக்கி.