காலி மது பாட்டில் எங்கே போக வேண்டும்: காயலாங்கடையா, 10 ரூபாய் டெபாசிட்டா, கழுவி நிரப்புவதா?

முதலில் காயலாங்கடை. அரசுப் பணம் ஒரு பைசா இல்லாமல் நம் நகரங்களில் பேப்பரையும் இரும்பையும் திரும்பச் சுழல விடுவது இந்தக் கடைகள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணாடி கனம் அதிகம், விலை அற்பம். உடைந்துவிட்டால் குப்பை பொறுக்குபவர்கள்கூடத் தொடத் தயங்குவார்கள்.

அங்கேதான் டெபாசிட் ஜெயிக்கிறது. வீசியெறிந்த பாட்டில்கள் காட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கும் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொண்டுவந்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. குடித்தவர் அலட்சியமாகப் போட்டுவிட்டுப் போனாலும் எடுப்பவருக்கு அது 10 ரூபாய், அதனால் யாரையும் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. சிக்கல் கவுன்டருக்கு உள்ளே: பாட்டிலில் அடையாள ஸ்டிக்கர் ஒட்டுவதும் காலியை எண்ணி அடுக்குவதும் ஏற்கெனவே இருக்கும் ஊழியர்கள் தலையில்தான், இடமும் கிடையாது, அவர்கள் போராடியதில் நியாயம் இருக்கிறது.

சரி, திரும்பி வந்த பாட்டில் என்ன ஆகிறது? ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலுக்கும் கேனுக்கும் டெபாசிட் உண்டு, இப்போது 25 சென்ட். கழுவி நிரப்பும் சாதாரண பீர் பாட்டிலுக்கோ 8 சென்ட்தான். நொறுக்கப் போவதற்கு அதிக மதிப்பு, கூத்துதான்! ஆனால் அந்த 8 சென்ட் பாட்டில் 50 தடவை வரை நிரம்புமாம். உடைத்து உருக்குவதென்றால் ஒவ்வொரு தடவையும் சுமார் 1,500 டிகிரி உலை எரிய வேண்டும்.

கழுவி நிரப்புவது நமக்கும் புதிதல்ல, கோலி சோடா அப்படித்தான் ஓடியது. பீர் கம்பெனிகள் இன்றும் பழைய பாட்டிலை வாங்கி நிரப்புகின்றன. ஆனால் தூரம் அதிகமானால் காலி பாட்டிலை ஏற்றிவரும் லாரி டீசலே லாபத்தைத் தின்றுவிடும், ஆளுக்கொரு வடிவத்தில் பாட்டில் இருந்தால் பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஜெர்மனியில் பல பீர் ஆலைகள் ஒரே அச்சு பாட்டிலைப் பகிர்வதால்தான் இது எளிதாகிறது.

என் ஓட்டு 10 ரூபாய்க்கு, கடைக்கு இடமும் ஆளும் கொடுத்தால். கூடவே குவார்ட்டருக்கும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஒரே அச்சு பாட்டில் என்று வாங்கும்போதே டாஸ்மாக் நிபந்தனை போடலாமே, மொத்தக் கொள்முதலும் அதன் கையில்தானே இருக்கிறது.