தான்சானியாவுக்குப் புறப்படும் முன் சுவாஹிலி: ‘லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர்’ ஒலிப்பாடம் எப்படி இருக்கிறது?

நானும் என் கணவரும் தான்சானியாவின் தென்மேற்கில் உள்ள ம்பேயா பக்கம் மிஷனெரிகளாகப் போக ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறோம். நான் செவிலியர், அவர் விவசாயம் படித்தவர். அங்கே ஏற்கெனவே சபை இருக்கிறது, அவர்கள் கூப்பிட்ட வேலைக்குத்தான் போகிறோம். தடுப்பூசி, விசா, சான்றிதழ்களுக்கு முத்திரை, சபை சபையாகப் போய் ஜெப ஆதரவாளர்களைச் சந்திப்பது என்று வேலைகள் வரிசையாக நிற்கின்றன. இத்தனைக்கும் நடுவில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம், அது அங்கே பேசும் சுவாஹிலி மொழி. அதற்காக நாங்கள் பயன்படுத்திய பாடங்களில் எது உதவியது, எது உதவவில்லை என்று நம் ஊரிலிருந்து இதே பாதையில் வரப்போகிற தம்பதிகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ‘லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர்’ என்ற இலவச ஒலிப்பாடத் தொகுப்பில் ‘கம்ப்ளீட் சுவாஹிலி’ என்று ஒன்று இருக்கிறது. புறப்படும் முன் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்றால் முதலில் இதைத் தொடங்குங்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. மிஹாலிஸ் எலெஃப்தெரியூ என்பவர் உருவாக்கியது. நூறுக்கு மேற்பட்ட சிறு சிறு பாடங்கள், கைபேசியிலேயே கேட்கலாம். ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர் ஒரு மாணவரிடம் கேள்வி கேட்பார், அந்த மாணவர் பதில் சொல்வதற்குள் நாம் ஒலியை நிறுத்திவிட்டு நம் பதிலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்யாதே, குறிப்பு எழுதாதே, யோசித்துச் சொல், இவ்வளவுதான் விதி.

குறிப்பு எழுதாமல் எப்படிப் படிப்பது என்று தோன்றும், நம் படிப்பெல்லாம் நோட்டில் எழுதி எழுதி வந்ததுதானே. ஆனால் தமிழர்களுக்கு இந்த விதி இரட்டிப்பு நன்மை. சுவாஹிலியைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தால் ப-வுக்கு இரண்டு ஒலி, க-வுக்கு இரண்டு ஒலி, த-வுக்கு இரண்டு ஒலி என்ற வித்தியாசம் ஏட்டில் காணாமல் போய்விடும். பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் வருகிற ப ஒரு மாதிரி, ம்-க்குப் பின்னால் வருவது வேறு மாதிரி. நமக்கு அது இடத்தைப் பொறுத்துத் தானாக மாறும், அவர்களுக்கு அப்படி இல்லை, சொல்லின் பொருளே அதில் இருக்கிறது. ‘பாபா’ என்பதை இரண்டாவது ஒலியில் சொன்னால் அப்பா, முதல் ஒலியில் சொன்னால் சுறா மீன். இது காதால் கேட்டு வாயால் பழக வேண்டிய காரியம். இந்தப் பாடம் அதைத்தான் செய்யவைக்கிறது.

மற்றபடி உச்சரிப்பில் நமக்கு அனுகூலம் நிறையவே உண்டு. அ, எ, இ, ஒ, உ ஐந்தும் எழுதியபடியே ஒலிக்கின்றன. ஞ-வில் தொடங்கும் சொற்கள் தாராளமாக இருக்கின்றன, வீட்டுக்கு ஞும்பா, இறைச்சிக்கு ஞாமா. மாட்டுக்கு ஙோம்பே. சொல்லின் முதலில் ங வருவது வெளிநாட்டார் பலருக்குத் தடுமாற்றம், அரிச்சுவடியில் ஙனா வரிசையை ஓதிய நமக்கு வாய் வந்துவிடும்.

இந்தப் பாடத்தின் உண்மையான பலம் இலக்கணத்தைப் பிரித்துக் காட்டுகிற விதம். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள், படித்தேன் என்றால் பகுதி முதலில், காலம் காட்டும் இடைநிலை நடுவில், ஏன் என்ற விகுதி கடைசியில். சுவாஹிலி அதையே தலைகீழாக வைக்கிறது. நிலிசோமா என்றால் ‘படித்தேன்’. நி என்பது நான், லி இறந்தகாலம், சோமா படி. லி-யை எடுத்துவிட்டு ந வைத்தால் நிகழ்காலம், த வைத்தால் எதிர்காலம். நி-க்குப் பதில் து போட்டால் நாங்கள். ஆங்கிலம் பேசுகிறவருக்கு ஒரு வாக்கியமே ஒரு சொல்லுக்குள் அடங்குவது வியப்பாக இருக்கலாம், நமக்கு அது பழகிய வீடு. ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்கி முடிப்பதற்குள் என் கணவர் பதிலைச் சொல்லிவிடுவார், அவர் பள்ளிப் படிப்பெல்லாம் தமிழ் வழியில் முடித்தவர்.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது, பெயர்ச்சொல் வகைகளில். நமக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டோடு முடிந்தது. அவர்களிடம் வகைகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒருமையில் ஒரு முன்னொட்டு, பன்மையில் ஒன்று, அந்த முன்னொட்டின் சாயல் வாக்கியம் முழுக்க ஓடும். ‘விதாபு விகுப்வா விவிலி விமேஆங்குகா’, இரண்டு பெரிய புத்தகங்கள் விழுந்துவிட்டன. புத்தகம், பெரிய, இரண்டு, விழுந்தன நான்கிலும் வி. ஒருமையில் எல்லாம் கி ஆகிவிடும். இதை அட்டவணையாகப் படித்தால் தலை சுற்றும், ஒலிப்பாடத்தில் ஒவ்வொன்றாக வருவதால் காது அந்த ஓசையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. என்றாலும் இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். தலை கனக்கிறது என்றால் நிறுத்திவிட்டு மறுநாள் அதே பாடத்தைத் திரும்பக் கேளுங்கள்.

தம்பதியாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கொரு காதொலிக் கருவி மாட்டிக்கொண்டு தனித்தனியாகக் கேட்காதீர்கள், ஒலிபெருக்கியில் போட்டு இருவரும் சேர்ந்து கேளுங்கள். ஆனால் வேகமாகப் பிடித்துக்கொள்கிறவர் எப்போதும் முதலில் வாய் திறந்தால் மற்றவர் வெறும் கேட்பவராகிவிடுவார். பிறகு அங்கே போய் கடைக்கும் பேருந்துக்கும் ஒருவர் பேச, மற்றவர் பின்னால் நிற்பார். எங்களுக்கு முன்னால் போன குடும்பங்களில் மனைவி வீட்டுக்குள் இருந்துவிட, கணவருக்கு மட்டும் மொழி வந்தது என்று பலமுறை கேட்டிருக்கிறோம், அந்தத் தனிமை எவ்வளவு கொடியது என்று அந்த அக்காமார் சொல்லும்போது மனம் கனத்துப்போகும். அதனால் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம், இன்று அவர் முதலில், நாளை நான். அடுத்தவர் பதில் முடியும்வரை திருத்துவதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாடம் ஆங்கிலம் வழியாகத்தான் இருக்கிறது. தமிழ் வழியாகச் சுவாஹிலி கற்றுத்தரும் முறையான ஒலிப்பாடம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை, யாராவது செய்தால் பெரிய ஊழியமாக இருக்கும். ஆசிரியர் தாய்மொழியாகச் சுவாஹிலி பேசுகிறவர் அல்ல, எனவே நாக்கின் இயல்பை அவரிடமிருந்து மட்டும் எடுக்காமல் வானொலிச் செய்தி, பிரசங்கம், பாட்டு என்று அந்த ஊர்க் குரல்களைத் தினமும் கொஞ்சம் கேட்க வேண்டும். அப்புறம் இது வாக்கியம் கட்டக் கற்றுத்தரும் பாடம், ஒரு மனிதர் முன்னால் எப்படி நிற்பது என்பதற்கான பாடம் அல்ல. தான்சானியாவில் வயதில் மூத்தவரைப் பார்த்தால் இளையவர் ‘ஷிகாமோ’ சொல்ல வேண்டும், அவர் ‘மராஹபா’ என்பார். சுவாஹிலியில் நம் ‘நீங்கள்’ மாதிரி மரியாதைப் பன்மை வழக்கமாகக் கிடையாது, மரியாதை எல்லாம் இந்த வணக்கத்திலும் பாபா, மாமா, ம்ஸே (பெரியவர்) போன்ற விளிகளிலும்தான் இருக்கிறது. இங்கே மாமா என்றால் அம்மா, பெரிய பெண்கள் யாரையும் அப்படி அழைக்கலாம். சபையில் பார்த்தால் ‘ப்வானா அசிஃபிவே’, நம் ஊரில் ஸ்தோத்திரம் சொல்கிற இடத்தில் அது. இதையெல்லாம் ஒரு மனிதரிடம்தான் கற்க வேண்டும்.

அதற்காக இணையவழியில் ஒரு தான்சானிய ஆசிரியையைப் பிடித்தோம். ஒலிப்பாடத்தில் பாதி தூரம் வந்த பிறகு தொடங்கியது மிகவும் நல்லதாகப் போயிற்று, வகுப்பு நேரத்தை இலக்கணத்தில் கழிக்காமல் முழுக்கப் பேச்சில் செலவிட முடிந்தது. எனக்கு வேண்டியது மருத்துவமனைப் பேச்சு. ‘உனாஉம்வா வாப்பி?’ எங்கே வலிக்கிறது? வலி எப்போது தொடங்கியது? மாத்திரை இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை. துன்பத்தில் இருப்பவரிடம் சொல்லும் ‘போலே சனா’. இவற்றை நோயாளியாக அவரும் செவிலியராக நானுமாக நடித்துப் பழகினோம்.

நேரம் சொல்லும் முறையை அவரிடம்தான் சரியாகக் கற்றேன். செவிலியர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது, காலை ஏழு மணிதான் ‘சா மோஜா’, முதல் மணி. ‘சா ம்பிலி’ என்றால் நேரடிப் பொருளில் இரண்டாம் மணி, ஆனால் அது எட்டு மணி. மருந்துச் சீட்டைப் பார்த்து நான் இரண்டு மணி என்று நினைத்துச் சொல்ல, நோயாளி எட்டு மணிக்குச் சாப்பிட்டால் என்ன ஆகும்? நம் முன்னோரும் சூரிய உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள், அதனால் மனதில் ஏற்றுவது கடினமாக இல்லை. அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தில் வரும் மூன்றாம் மணி வேளையை நாம் விளக்கம் சொல்லித்தான் பிள்ளைகளுக்குப் புரியவைக்கிறோம், ஒரு தான்சானியக் குழந்தைக்கு அது சாதாரணக் காலை ஒன்பது மணி.

வேத வார்த்தைகள் ஒலிப்பாடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது பொதுப் பாடம். அதற்கு நாங்கள் செய்தது எளிது, தமிழ் வேதத்தையும் சுவாஹிலி வேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்கு சுவிசேஷத்தைக் குடும்ப ஜெபத்தில் சில வசனங்களாக வாசிப்பது. பரமண்டல ஜெபம் நமக்கு மனப்பாடம் என்பதால் ‘பாபா யேத்து’ என்று தொடங்கும் அவர்கள் ஜெபத்தில் எந்தச் சொல் எதற்கு என்று தானாகப் பிடிபடும்.

வேறு என்ன பார்த்தோம் என்றால், அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் 1960-களில் வெளியிட்ட சுவாஹிலி அடிப்படைப் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது, ஒலியும் உண்டு. பழைய தட்டச்சுப் பக்கங்கள், ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லும் பயிற்சிகள். வறட்சியாக இருக்கும், ஆனால் ஒலிப்பாடம் முடித்த பிறகு அந்தப் பயிற்சிகளைச் செய்தால் வாய் வேகம் பிடிக்கிறது. அதே நிறுவனக் கணக்கில் ஆங்கிலம் பேசுகிறவருக்குச் சுவாஹிலி கற்க 36 வாரம், நம் தமிழ் 44 வாரம். தமிழ் பேசுகிறவர்கள் இதைப் பார்த்துத் தைரியம் கொள்ளலாம். கைபேசியில் விளையாட்டு மாதிரி படிக்கும் செயலி ஒன்றையும் முயன்றோம், சொற்கள் சேர்ந்தன, வாய் திறக்கவில்லை, விட்டுவிட்டோம். அங்கே போன பிறகு முறையாகப் படிக்க முசோமாவில் உள்ள மகோகோ மொழிப்பள்ளி போன்ற இடங்கள் இருக்கின்றன, நாங்களும் போய் இறங்கியதும் முதல் சில மாதங்களை வகுப்புக்கே கொடுக்கப்போகிறோம். வீட்டில் படித்தது அதற்கு மாற்று ஆகாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஆங்கிலத்தில் சமாளிக்கலாமே, மொழிபெயர்க்க ஆள் கிடைப்பாரே என்று சபையில் சிலர் அன்போடுதான் கேட்டார்கள். நான் பாளையங்கோட்டைக்காரி. 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் எங்கள் ஊரில்தான் தொடங்கியது, அதை முன்னின்று நடத்திய அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேலை நாட்டு மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே, எல்லாம் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் கேட்டார். அன்று கேட்கிற இடத்தில் இருந்த நம்மிடம் இன்று ம்பேயாவில் ஒருவர் அதையே எதிர்பார்ப்பார். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு யாருக்கும் சிநேகிதர் ஆக முடியாது. 1844-இல் யோகான் லுட்விக் கிராஃப் என்ற ஜெர்மானிய மிஷனெரி இன்றைய கென்யாவின் மொம்பாசாவில் இறங்கிய அதே ஆண்டில் அவருடைய இளம் மனைவி ரோசினையும் பிறந்த குழந்தையையும் அடக்கம் செய்தார். அதன் பிறகும் அவர் உட்கார்ந்து சுவாஹிலி இலக்கணம் எழுதினார், 1850-இல் அது அச்சேறியது, அகராதி அவர் மறைந்த பிறகு 1882-இல் வந்தது. இவ்வளவு விலை கொடுத்துச் சிலர் தொடங்கிவைத்த வேலை இன்று நம் கைபேசியில் இலவசமாக வந்து நிற்கிறது. அந்தக் குடும்பத்தை நினைக்கும்போதெல்லாம் மலேரியா தடுப்பு மாத்திரை, கொசுவலை விஷயத்திலும் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

சரி, யாருக்கு இது பொருந்தும்? ஓரளவு ஆங்கிலம் கேட்டுப் புரிகிறவர்கள், தினமும் அமைதியாகக் கொஞ்ச நேரம் ஒதுக்க முடிகிறவர்கள், வாய்விட்டுப் பேசக் கூச்சப்படாதவர்கள் தாராளமாகத் தொடங்கலாம். காங்கோவின் கிழக்குப் பகுதிக்கோ கென்யாவுக்கோ போகிறவர்களுக்கும் அடிப்படை இதுவேதான், பேச்சு வழக்கு மாறும், அதை அங்கே பிடித்துக்கொள்ளலாம். ஆங்கிலமே தடுமாற்றம் என்றால் இதில் நேரம் வீணாக்காமல் முதல் நாளிலிருந்தே ஒரு ஆசிரியரோடு தொடங்குங்கள், அவருக்கு நியாயமான கட்டணம் கொடுங்கள், ஆயத்தச் செலவுப் பட்டியலில் விமானச் சீட்டுக்கு அடுத்து அதை எழுதுங்கள். பாடங்களை முழுவதும் முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பயணத்திலும் பணித்தளத்திலும் இணையம் நம்ப முடியாது.