துவாலுவின் 10,000 லிட்டர் மழைநீர் டேங்க்: டேங்க் பாஸ், பீலி ஃபெயில்

பசிபிக் பெருங்கடலின் குட்டித் தீவு நாடான துவாலுவில் ஆறும் கிடையாது, நன்னீர் ஏரியும் கிடையாது. தலைநகர் ஃபுனாஃபுட்டியில் நிலத்தடி நீர் உப்பேறி, கழிவும் கலந்து வாயில் வைக்க ஆகாது. குடிக்கவும் சமைக்கவும் மழையைத்தான் நம்பியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா போன்றவர்களின் உதவி நிதியில் அங்கே வீடுகளுக்கு வந்து சேர்ந்த 10,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் எப்படி?

டேங்கில் பெரிய குறை இல்லை. துருப்பிடிக்காது. காலியாக இருந்தால் நாலு பேர் உருட்டிக்கொண்டே போகலாம். ஆனால் நிரம்பினால் பத்து டன். வெறும் பவள மணல் மேல் வைத்தால், வழிந்து விழும் தண்ணீரே அடிமணலை அரித்துவிடும். டேங்க் லேசாகச் சாய்ந்தாலும் குழாய் இணைப்பு விட்டுப்போகும். காங்கிரீட் மேடையும், வழியும் நீரைத் தள்ளிக் கொண்டுபோய் விடும் குழாயும் கட்டாயம்.

கோளாறெல்லாம் கூரைத் தண்ணீரை ஏந்தி வரும் பீலியில்தான். 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். தெறிப்பு, கசிவு போக 800 தேறும். ஒரு பக்கம் மட்டும் பீலி இருந்தால் 400தான். பீலியைத் தாங்கும் கொக்கிகள் சாதாரண இரும்பாக இருந்தால் உப்புக்காற்று தின்றுவிடும். பீலி நடுவில் தொய்ந்து, கிடைத்த மழையும் மண்ணுக்குப் போகும். மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். கொடுத்த டேங்குகளை அறிக்கையில் எண்ணிவிடலாம். தொய்ந்த பீலியை எண்ணத்தான் ஆள் இல்லை.

முதல் மழை கூரையில் கிடக்கும் பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும். அதைத் தனியே பிடிக்க 100 மில்லிமீட்டர் பிவிசி குழாயைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். மீட்டருக்கு சுமார் 8 லிட்டர் பிடிக்கும்; 100 சதுர மீட்டர் கூரைக்குக் குறைந்தது 20 லிட்டர் கழிய வேண்டும், அதாவது இரண்டரை மீட்டர் குழாய். அடியில் உள்ள சொட்டுத் துளை அடைத்துக்கொண்டால் குழாய் காலியாகாது, அடுத்த மழையின் அழுக்கு நேராக டேங்குக்குள். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவினால் போதும். டேங்குக்குள் தண்ணீர் இறங்கும் வாயிலுள்ள கொசுவலை கிழிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

தண்ணீரில் சந்தேகம் வந்தால், நிரம்பிய டேங்குக்கு 75 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் (கிருமி கொல்லும் குளோரின் தூள்) 70 கிராம். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

வறட்சியைத் தாங்குமா? 2011-ல் லா நினாவால் (பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்து மழை மாறும் நிலை) மழை பொய்த்து, செப்டம்பர் கடைசியில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். ஃபுனாஃபுட்டியில் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று ரேஷன். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அனுப்ப வேண்டியிருந்தது. ஆறு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 50 லிட்டர் செலவானால் நிறைந்த டேங்க் 33 நாளில் காலி. ஆளுக்கு 15 என்று முதல் நாளே இறுக்கிப் பிடித்தால் மூன்றரை மாதம் தாண்டும். பாதி டேங்க் ஆனபிறகு சிக்கனம் தொடங்குவது தாமதம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மழைக்காலத்திலேயே நிரம்பி வழியாத வீட்டுக்கு இரண்டாவது டேங்க் தண்டம். அந்தப் பணத்தில் கூரையின் மறுபக்கத்துக்கும் பீலி, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி, உபரியாக நாலு குழாய் வாஷர் கேட்டு வாங்குங்கள்.