சப்வூஃபர் வைத்திருப்பவருக்கு விம் அல்ட்ரா எப்படி?

விம் அல்ட்ரா போன்ற ஸ்ட்ரீமர் (இணையத்துப் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டி) வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது உள்ளே எந்த டிஏசி சிப் (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கேற்ற சிக்னலாக மாற்றுவது) என்றுதான். நானும் அதையேதான் கேட்டேன். சப்வூஃபர், அதாவது அடித்தொனிக்கென்றே தனி ஸ்பீக்கர், இருக்கிற வீட்டில் அது பத்தாவது கேள்வி. பாஸை (அடித்தொனியை) யார் பிரிப்பது, வால்யூமை எங்கே குறைப்பது, இந்த இரண்டும்தான் முதல் கேள்வி.

எனக்கு இது புரிந்தது ஒரு கூத்துக்கு அப்புறம். முன்பு வைத்திருந்த ஸ்ட்ரீமரின் சப் அவுட்டில் (சப்வூஃபருக்கான தனி முனை) சப்வூஃபரை மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் ஆம்பின் குமிழைத் திருகித்தான் சத்தத்தைக் குறைப்பேன். பாட்டு அடங்கிவிடும், சப்வூஃபர் மட்டும் தன் பாட்டுக்கு டும் டும் என்று முழங்கிக்கொண்டிருக்கும். சாதனத்தின்மேல் குற்றமில்லை: சப் அவுட் ஸ்ட்ரீமரின் வால்யூமுக்குத்தான் கட்டுப்படும், ஆம்பின் குமிழ் அதற்குப் பின்னால் இருக்கிறது, அது சப்வூஃபருக்குத் தெரியவே தெரியாது. ஆம்பை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு இனி எல்லாம் ஸ்ட்ரீமரில்தான் என்று பழகிக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஆம்பிலேயே சப் அவுட்டோ பிரீ அவுட்டோ (ஆம்பின் வால்யூமுக்குக் கட்டுப்பட்டு வெளியே வரும் முனை) இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, சப்வூஃபரை அதில் மாட்டுங்கள், அதே கம்பெனியின் சப் அவுட் இல்லாத விம் ப்ரோவே தாராளம். இரண்டும் இல்லாமல், சப்வூஃபரில் ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரை ஏற்கும் முனை) இருந்தால் ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே வயர் இழுக்கலாம்.

என் ஆம்பில் எதுவுமில்லை, அதனால் அல்ட்ரா. 2024இல் வந்தது. சப் அவுட் ப்ளூசவுண்ட் நோட் என்ற இன்னொரு ஸ்ட்ரீமரிலும் உண்டு, ஆனால் என்னை இழுத்தது இதிலிருக்கும் ஃபோனோ இன்புட், அதாவது ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிளை மாட்டும் முனை. டர்ன்டேபிள் நேராக ஆம்புக்குப் போனால் சப்வூஃபருக்கு அந்த இசை எட்டாது, இதன் வழியாகப் போனால் எட்டும். டிவி சத்தமும் ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி கேபிள் வழியாக இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

கிராஸ்ஓவரை (பாஸைப் பிரித்து சப்வூஃபருக்கு விடும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, மெயின் ஸ்பீக்கருக்குப் போகும் பாஸையும் ஆப்பில் நிறுத்தினேன். பலன் பாஸில் தெரியும் என்று பார்த்தால் குரலில் தெரிந்தது! சின்ன வூஃபர் அடித்தொனிக்காக முக்கி முனகுவது நின்றதும் பாடகரின் குரல் தெளிந்துவிட்டது. போன் மைக்கை வைத்து அறைக்கேற்பத் திருத்தும் வசதியும் இருக்கிறது, ஆனால் முதலில் சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள், பாதி இரைச்சல் அதிலேயே போய்விடும்.

குறை? ஏர்பிளே (ஐபோனிலிருந்து பாட்டு அனுப்பும் ஆப்பிளின் வசதி) இல்லாமல்தான் வந்தது, ஆப்பிள்காரர்கள் யோசிக்க வேண்டியது இதுதான், நோடில் அது உண்டு. முன்பக்கத் திரை அழகுக்குத்தான், சோபாவிலிருந்து எழுத்துகளைப் படிக்க முடியாது.

மாட்டும்போது மறக்கக் கூடாதது ஒன்று: சப்வூஃபரின் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழும். சப்வூஃபரின் ஃபேஸ் ஸ்விட்சில் (ஒலியலையைத் தலைகீழாக்குவது) 0, 180 இரண்டையும் மாற்றிப் பாருங்கள், வழக்கமாக உட்காரும் இடத்தில் எதில் பாஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.