நான்கு முனையா, மின்மறுப்பு அலசலா? குறைக்கடத்திப் பீங்கான்களை அளக்கும் வழிகள்

குறைக்கடத்திப் பீங்கானின் மின்தடை இவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவது எளிது. அது எதனுடைய தடை? துகளின் உட்பகுதி, துகள்கள் ஒட்டும் எல்லை, மேலே பூசிய மின்முனை ஆகிய மூன்றையும் மின்னோட்டம் வரிசையாகக் கடக்கிறது.

இரு முனை நேர்மின்னோட்ட முறை மூன்றையும் கூட்டித்தான் காட்டும். மெகா ஓம் கணக்கில் தடையுள்ள மாதிரிக்கு அது போதும். தடை குறைந்தவற்றில் நம்பக் கூடாது. எலக்ட்ரான் கடத்தும் பேரியம் டைட்டனேட்டின் மேல் சாதாரண வெள்ளிப் பசையைப் பூசினால் தொடர்பிடத்திலேயே தடுப்பு உருவாகிவிடும். இண்டியம்-காலியம் கலவை அங்கே நல்ல தொடர்பைத் தரும்.

நான்கு முனை முறை இந்தத் தொல்லையை நீக்குகிறது: இரு முனைகள் மின்னோட்டத்தைச் செலுத்தும், மற்ற இரண்டு மின்னழுத்தத்தை அளக்கும். அளக்கும் முனைகளில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால் தொடர்புத் தடை கணக்கில் வராது. எந்த வடிவத் தகட்டுக்கும் இது பொருந்தும் என்று இயற்பியலாளர் வான் டெர் பாவ் 1958இல் காட்டினார். ஆனால் தகட்டின் தடிமன் சீராக இருக்க வேண்டும், நடுவே ஓட்டை கூடாது. சரியாகச் சுட்டு இறுகாத, நுண்துளை மிகுந்த பீங்கானில் அந்த நிபந்தனையே ஆட்டம் காண்கிறது. தவிர, துகளும் எல்லையும் இதிலும் பிரிவதில்லை.

பிரித்துக் காட்டுவது மின்மறுப்பு அலசல். சிறிய மாறுமின்னழுத்த அலையைக் கொடுத்து, அதன் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே மின்மறுப்பை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு எழும் மொத்த எதிர்ப்பை, அளந்து வரையும்போது ஒவ்வொரு பகுதியும் வரைபடத்தில் தனி அரைவட்டமாக விரிகிறது. எது எதனுடையது என்பதை மின்தேக்குத்திறன் சொல்லிவிடும்: பிக்கோ ஃபாரட் அளவென்றால் துகளின் உட்பகுதி, நானோ ஃபாரட்டை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் எல்லை, மைக்ரோ ஃபாரட் என்றால் மின்முனை. மாசூட்டிய (வேற்றுத் தனிமம் சிறிதளவு கலந்த) பேரியம் டைட்டனேட்டின் தடை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல்லாயிரம் மடங்கு எகிறுகிறதே, அந்த ஏற்றம் முக்கியமாக எல்லைப் பகுதியில் நிகழ்கிறது என்பதை இம்முறை தெளிவாகக் காட்டுகிறது. கால்சியம் காப்பர் டைட்டனேட்டின் வியக்கவைக்கும் மின்கடவா மாறிலிக்குப் படிகத்தைவிட மெல்லிய தடுப்புப் படலங்களே காரணம் என்பதும் இப்படித்தான் புலப்பட்டது. எனக்கு ஒரே ஒரு கருவி தந்தால் இதைத்தான் கேட்பேன்.

துத்தநாக ஆக்சைடு வேரிஸ்டரில், அதாவது மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டியதும் தடை சட்டென விழும் உறுப்பில், இது திணறுகிறது. துகள்கள் நன்றாகக் கடத்துவதால் அவற்றின் அரைவட்டம் கருவி எட்டாத அதிர்வெண்ணுக்குப் போய்விடும். வரைபடத்தின் அச்சை வெட்டும் புள்ளிதான் மிஞ்சும். அதையும் கம்பிகளின் தூண்டல் கலைக்கும். வேரிஸ்டரின் உயிரான செயலோ, ஒவ்வொரு துகள் எல்லைக்கும் சுமார் 3 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. மின்மறுப்பு அலசலின் மில்லி வோல்ட் அலை அதைத் தொடாது. அங்கே மின்னோட்ட-மின்னழுத்த வளைகோடு வரைந்தே ஆக வேண்டும். உயர் மின்னோட்டப் பகுதியில் குறுந்துடிப்புகளால் அளக்க வேண்டும். தொடர்ந்து செலுத்தினால் மாதிரி சூடேறி வளைகோட்டையே மாற்றிவிடும்.