"அழிஞ்ச போட்டோவை மீட்டுத் தரோம்" என்ற கடையில் போனைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள், இருநூறுக்கு மேல். சொந்தக்காரர்கள் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியவை. ஒருநாள் கேலரியைத் திறந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. போனுக்குச் சொந்தக்கார அம்மா பதறிப்போய் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொபைல் கடைக்குப் போனார். "மெமரி கரப்ட் ஆயிடுச்சும்மா, சாஃப்ட்வேர் போட்டுத்தான் எடுக்கணும், ரெண்டாயிரம் ஆகும்" என்றார்கள். பில் கிடையாது.

மறுநாள் போன் திரும்பி வந்தது. "ரெக்கவர்ட்" என்று ஒரு ஃபோல்டர், உள்ளே 180 படம். எல்லாம் தபால்தலை அளவு. விரலால் பெரிதாக்கினால் மாப்பிள்ளை யார், மணப்பெண் யார் என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றும் 10, 12 கேபி. வாட்ஸ்அப்பில் வரும் சாதாரண போட்டோவே பெரும்பாலும் 100 கேபியைத் தாண்டும். போதாக்குறைக்கு, "மெமரி சரியாகணும்" என்று போனை ஃபேக்டரி ரீசெட் வேறு செய்திருந்தார்கள், அதாவது உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்கியிருந்தார்கள்.

அந்தப் போட்டோக்கள் அதுவரை அழியவே இல்லை என்பதுதான் கொடுமை. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட்ஸ்' பகுதியில் 'மீடியா விசிபிலிட்டி' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. தெரியாமல் கைபட்டு அது அணைந்துவிட்டால், அதன்பிறகு வரும் படங்கள் 'பிரைவேட்' என்ற உள் ஃபோல்டருக்குப் போகும். அந்த ஃபோல்டருக்குள் 'நோமீடியா' என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் கிடக்கும். அதைப் பார்த்தால் கேலரி அந்த ஃபோல்டரை எட்டிப் பார்க்காது. படம் போனில்தான் இருக்கிறது, கேலரி காட்டவில்லை, அவ்வளவுதான். கடைக்காரர் பத்து நிமிடம் தேடியிருந்தால் முழு அளவில் எல்லாமே கிடைத்திருக்கும். ரீசெட் செய்ததோடு அந்த வழியும் போனது.

ரீசெட் செய்த போனிலிருந்து யாராலும் எடுக்க முடியாது. காசு கூடக் கொடுத்தாலும் முடியாது. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வெளிவந்த போன்களில் உள் சேமிப்பு முழுவதும் சங்கேதமாக்கப்பட்டுத்தான் எழுதப்படுகிறது. ரீசெட் அடித்த நொடியில் அதைத் திறக்கும் சாவி அழிகிறது. சாவி போனபின் மிச்சமிருப்பது வெறும் குப்பை எழுத்து. ரீசெட் செய்யாமல் ஒரு படத்தை மட்டும் அழித்திருந்தாலும், அது இருந்த இடத்தைப் போனே சீக்கிரம் துடைத்துவிடும். அப்புறம் 'ரெக்கவரி' செயலிகள் எதைக் காட்டுகின்றன? படங்களை வேகமாகக் காட்டுவதற்காகப் போன் சேர்த்துவைக்கும் குட்டிப் படங்களை. ரீசெட்டுக்கு முன்பே கடையில் எடுத்துவைத்த அந்த 12 கேபி படங்களும் அவைதான்.

மெமரி கார்டு விஷயம் வேறு. கேமராப் படங்கள் கார்டில் இருந்து அழிந்திருந்தால், உடனே கார்டைக் கழற்றி, அதில் புதிதாக எதுவும் எழுதாமல், கணினியில் 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கார்டை உள் சேமிப்போடு இணைத்து ஃபார்மேட் செய்திருந்தால் அதுவும் நடக்காது.

ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் தேட வேண்டிய இடங்கள். முதலில் 'ஃபைல்ஸ்' அல்லது 'மை ஃபைல்ஸ்' செயலியில் இன்டர்னல் ஸ்டோரேஜைத் திறக்கவும். அங்கிருந்து ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மறுபடி மீடியா என்று வரிசையாக உள்ளே போகவும். படங்கள் 'வாட்ஸ்அப் இமேஜஸ்' ஃபோல்டரிலும் அதற்குள் 'பிரைவேட்'டிலும் இருக்கும். பிடிஎஃப் எல்லாம் 'வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில். படத்தின் பெயரிலேயே வந்த தேதி இருக்கும்: 'ஐஎம்ஜி' என்று தொடங்கி, ஆண்டு மாதம் நாள் எட்டு இலக்கத்தில், பிறகு 'டபிள்யூஏ' என்று ஓர் எண். 2024 ஜனவரி 15-இல் வந்த படம் வேண்டுமானால் தேடல் பெட்டியில் 20240115 என்று அடித்தால் போதும். பெயரை மாற்றி வைத்தவர்களுக்கு இந்த வசதி இல்லை, அதனால் மாற்றாதீர்கள். தனி ஃபோல்டர் போட்டு நகலெடுத்து வையுங்கள்.

அடுத்து குப்பைத்தொட்டி. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன (கூகுள் கணக்கில் நகல் ஏறிய) படம் 60 நாள் வரை அங்கே இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். சாம்சங் கேலரியிலும் 30 நாள். அதற்குள் பார்த்தால் ஒரே தட்டலில் திரும்ப வரும்.

ஆதார் பிடிஎஃப் காணவில்லை என்று கடையில் பணம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக இறக்கலாம். ஆதாரில் உள்ள பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தில் அடித்து, அதோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தால் அதுதான் பாஸ்வேர்டு.

இன்னொன்று. "இடம் பத்தவில்லை, வாட்ஸ்அப்பை எடுத்துட்டுத் திரும்பப் போட்டுத் தரேன்" என்று யார் சொன்னாலும் போனைக் கையிலிருந்து விடாதீர்கள். முன்பு வாட்ஸ்அப் ஃபோல்டர் வெளியே தனியாக இருந்தது, செயலியை எடுத்தாலும் படம் தங்கும். ஆண்ட்ராய்டு 11 வந்தபிறகு அது செயலியின் சொந்த இடத்துக்குப் போய்விட்டது. செயலியை எடுத்தால் கூடவே படங்களும் போகும். கூகுள் கணக்கில் பேக்கப் இருக்கிறதே என்று நம்பினால், அது கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது, அதில் வீடியோவும் சேர்ந்ததா என்று 'சாட் பேக்கப்' பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இலவச 15 ஜிபி நிரம்பியிருந்தால் பேக்கப் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றிருக்கும்.

கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், "ரீசெட் செய்யக் கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பேங்க் செயலி, ஜிபே இருக்கிற போனின் லாக் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பணம் பறிபோனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். வேலை செய்யாமல் காசு வாங்கியதற்கு நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த அம்மாவுக்கு இப்போது மீதமுள்ள ஒரே வழி, போட்டோ எடுத்தவர்களிடமே திரும்பக் கேட்பது. அவர்கள் போனில் 'டிசிஐஎம்' ஃபோல்டருக்குள் 'கேமரா'வில் அசல் படம் இருக்கக்கூடும். அதைப் போட்டோவாக அனுப்பச் சொல்லாமல், 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அப்படி வந்தால் தரம் குறையாது, முகங்களும் தெளிவாக இருக்கும்.