கேஸ் பயிற்சி: கேஸ்புக்கா, பார்ட்னரா, கோச்சா?

கன்சல்டிங், அதாவது நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்கிற வேலைக்கான இன்டர்வியூவில், ஒரு தொழிலின் சிக்கலைக் கொடுத்து அலசச் சொல்வார்கள். அதுதான் கேஸ். அதற்குத் தயாராகிற ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேஸ்புக் நல்லா இருக்கும்ணா?" என்பதுதான். பி-ஸ்கூல் (எம்பிஏ கல்லூரி) கன்சல்டிங் கிளப்புகள் மாதிரிக் கேஸ்களைத் தொகுத்த அந்த பிடிஎஃப்கள் ஏற்கெனவே நாலைந்து போனில் கிடக்கும். குறை கேஸ்புக்கில் இல்லை. கேள்விக்குக் கீழேயே விடையும் இருப்பதால், படிக்கப் படிக்க "இது எனக்கும் தோணியிருக்குமே" என்றிருக்கும். பத்து கேஸ் படித்தவர், பத்து கேஸ் போட்டுவிட்டதாகவே நம்பிவிடுவார்.

ஒரு கல்யாண மண்டபத்தில் லாபம் குறைகிறது, ஏன் என்று கேட்கிறார்கள். தனியாகப் படித்தவர் வரவு, செலவு என்று பிரிப்பார். வரவை வாடகை, புக்கிங் எண்ணிக்கை என்று பிரிப்பார். தப்பில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்து, "புக்கிங் எதைப் பொறுத்து ஏறும், இறங்கும்?" என்று கிளறினால்தான் முகூர்த்த நாள் ஞாபகத்துக்கு வரும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலி. வாட்ச்மேன் சம்பளமும் சொத்து வரியும் மட்டும் நிற்காது. வாடகையைப் பாதியாகக் குறைத்தாலும் ஆடியில் கல்யாணம் வராது. ஆடித் தள்ளுபடிக்கு இடம் தேடுகிற துணி வியாபாரி வரலாம். கேஸ் திரும்புகிற இடம் அதுதான். விடையைக் கூடவே வைத்துக்கொண்டு படிப்பவருக்கு அந்த இடத்தில் திணறுகிற வாய்ப்பே கிடைக்காது.

அதற்காகக் கூடப் பயிற்சி செய்ய ஒரு பார்ட்னர் கிடைத்தால் போதும் என்றும் இல்லை. நானும் ரூம்மேட்டும் மூன்று வாரம் ஒருவருக்கொருவர் "சூப்பர்டா" சொல்லிக்கொண்டே ஓட்டினோம். பிறகு ஒரு சீனியரிடம் மாக் (ஒத்திகை இன்டர்வியூ) போனால், நாலாவது நிமிடத்தில் நிறுத்தி, "க்ளையன்ட்டுக்கு என்ன வேணும்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. இருவருமே புதியவர்கள் என்றால், வாரத்துக்கு ஒரு தடவையாவது விவரம் தெரிந்த மூன்றாம் ஆள் வேண்டும். ஏஐ சாட்பாட்டிலும் இதே சிக்கல்தான். கறாராக இருக்கச் சொல்லாவிட்டால் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

காசு கொடுத்து கோச் வைப்பது கடைசி இரண்டு வாரத்துக்குச் சரி. லாபம் என்றால் வரவு கழித்தல் செலவு என்பதைக் கேட்க மணிக்கணக்கில் பணம் கட்ட வேண்டாம்.

எந்த கன்சல்டிங் நிறுவனம் என்பதையும் பார்க்க வேண்டும். மெக்கின்சியில் பெரும்பாலும் கேள்வி கேட்பவரே கேஸை நடத்துவார். அதனால் அவர்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற மாதிரிக் கேஸ்களை (மெக்ஸிகோ கிராமக் கடைகளைப் பற்றிய டிகோன்சா கேஸ் நல்ல தொடக்கம்) விடையை மூடிவைத்து, தனியாகவே ஓரளவு பழகலாம். பிசிஜி, பெயினில் பெரும்பாலும் நாம்தான் வண்டியை ஓட்ட வேண்டும். அதைத் தனியாகப் பழக முடியாது.

கணக்கு மட்டும் முழுக்கத் தனி வேலை. 60 நாள் புக்கிங், நாளுக்கு 2 லட்சம் என்றால் 1.2 கோடி. அமெரிக்க கேஸ்புக்கில் அதுவே 12 மில்லியன். கோடிக்கும் மில்லியனுக்கும் நடுவே ஒரு சைபரைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தினம் 15 நிமிடம், பேப்பரில், கால்குலேட்டர் இல்லாமல்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது: முதல் இரண்டு வாரம் கணக்கும், போனில் ரெக்கார்ட் செய்தபடி வாய்விட்டுப் பேசிப் போடுகிற மூன்று நான்கு கேஸும். பிறகு பார்ட்னர். முதல் நாள் நீங்கள் கேஸ் கொடுங்கள், அவர் போடட்டும். அவர் எங்கே முழிக்கிறார் என்று குறித்து வையுங்கள். மறுநாள் உங்கள் முறை.